ஒரு சொட்டுக்கு நாற்பத்திரண்டு டின்

பால் இன்னும் பொங்கவில்லை. பொங்கித் தொலைத்தால் தேவலை என்று ஒரு நிமிஷமும், பொங்காமலே கிடந்தால் இன்னும் தேவலை என்று அடுத்த நிமிஷமும் இந்துஜாவுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டிய அடுக்களையில் ஐந்து பேர். அவள் இடுப்பில் இருக்கும் மிருதுளாவையும் சேர்த்தால் ஆறு. அடுப்புக்கு நேரே அத்தை, ராஜவேலின் அம்மா தங்கபுஷ்பம், கையில் கரண்டியோடு முதுகை மட்டும் காட்டிக்கொண்டு. அத்தைக்குப் பக்கத்தில் கனகா மதினி, ராஜவேலின் அக்கா, பட்டுச்சேலை கசங்கிவிடும் என்று சுவரைத் தொடாமல் நிற்கிறாள். ஜன்னலோரம் வீட்டுக்கார எஸ்தர் டீச்சர், கீழ்வீட்டிலிருந்து நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தவர். நிலைப்படியில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக ராஜவேல், பொங்குகிற நொடியை வீடியோ எடுப்பதற்காகப் பத்து நிமிஷமாக அசையாத ஒரு பானையைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறான். கூத்து என்னவென்றால் இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்ததே பாலால்தான். பால் ஒத்துக்கொள்ளாத ஒன்பது மாசப் பிள்ளைக்குப் பாலே இல்லாத பால்மாவு வாங்குவதற்காகப் பன்னிரண்டாயிரம் வாடகை வீட்டைக் காலி செய்து, ஆறாயிரத்து ஐந்நூறுக்கு இந்த மாடிக்கு வந்து, வந்ததும் முதல் வேலையாகப் பாலைக் காய்ச்சி, எல்லாருமாகச் சுற்றி நின்று அது எப்போது பொங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருட்டுப் போன வீட்டில் திருடனுக்கு விருந்து வைத்த மாதிரி. யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் போல இருந்தது. ராஜவேலிடம் சொல்லலாம், ஆனால் அவன் சிரித்தால் போன் ஆடும், வீடியோ கெட்டுப்போகும், மதினி என்ன சிரிப்பு என்பாள். அவள் சிரிக்கவில்லை. மிருதுளாவின் வாய்க்கு முன்னால் தன் வலது உள்ளங்கையை, எச்சில் துடைக்கிற பாவனையில், மறுபடியும் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா, அடுப்பு பத்த வச்சிருக்கியா, இல்ல சும்மா பானைக்கு வேடிக்கை காட்டுதியா?” என்றாள் மதினி. “ஆறே முக்காலுக்குள்ள பொங்கணும். அதுக்கு மேல நேரம் நல்லால்லன்னு காலண்டர்ல போட்டிருக்கு.” அத்தை திரும்பவில்லை. “பொங்கும் பொங்கும். நீ மூச்ச விட்டு அணைச்சிராத.” “கேஸ் தீந்துபோச்சோ?” “நேத்துத்தான் புது சிலிண்டர் மாட்டினது,” என்று போனுக்குப் பின்னாலிருந்து ராஜவேல். “போன வாடகைக்காரங்களுக்கு நாலே நிமிஷத்துல பொங்கிருச்சு,” என்று எஸ்தர் டீச்சர் யாருக்கும் உதவாத ஒரு தகவலைச் சொன்னார். “ஆனா அவங்க ஆறு மாசம்தான் இருந்தாங்க. மெதுவாப் பொங்கினா ரொம்ப நாள் இருப்பீங்கன்னு வச்சுக்குவோம்.” “அப்ப நூறு வருஷம் இருப்பாங்க போலுக்கே டீச்சர்,” என்றாள் மதினி. எல்லாரும் சிரித்தார்கள். அத்தையின் முதுகு மட்டும் சிரிக்கவில்லை. இந்துஜா அந்த முதுகையே பார்த்தாள். மாம்பழ நிற ரவிக்கை, கழுத்துக்குக் கீழே வியர்வையில் ஒரு பெரிய நனைவு. அத்தைக்கு எதற்கு வியர்க்கிறது, அடுப்பு அவ்வளவு மந்தமாக எரிகிறதே. வியர்க்கட்டும். அவளுக்கு அத்தையின் முதுகைப் பற்றிக் கவலை இல்லை, கையைப் பற்றித்தான், கையிலும் ஒரே ஒரு விரலைப் பற்றித்தான். பால் பொங்கியதும் அந்த வீட்டு மூத்த பொம்பளை ஆள்காட்டி விரலால் ஒரு சொட்டைத் தொட்டு வீட்டிலேயே இளசான பிள்ளையின் உதட்டில் வைக்க வேண்டும். அப்போதுதான் வீடு பிள்ளையைப் பழகிக்கொள்ளுமாம், ராத்திரி வீறிடாதாம். ராஜவேல் வீட்டு வழக்கம் இது. முந்தாநாள் போனில் மதினி இதை ஏதோ சேலை கலர் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. உதட்டிலே தொட்டு வைத்தால் பிள்ளை நாக்கை நீட்டி நக்காதா, நக்கும், இந்தப் பிள்ளை சுவரையே நக்குகிறது.

பயம் வந்தால் வாய்ப்பாடு சொல்லுங்கள் கேர்ள்ஸ் என்று சொல்வார்கள் சிஸ்டர் பெர்னதெத், ஐந்தாம் வகுப்பில். ஜெபம் சொல்லுங்கள் என்று சொல்லவேண்டிய சிஸ்டர் வாய்ப்பாடு என்றார்கள். கான்வென்டில் பாதிப் பிள்ளைகள் நாடார் வீட்டுப் பிள்ளைகள், விபூதியை வாசலிலேயே அழித்துவிட்டு வருகிறவர்கள், அவர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். பதினாறாம் வாய்ப்பாடு போதும் மற்றவர்களுக்கு, இந்துஜாவுக்குப் பதினாறெல்லாம் சின்னப் பயத்துக்குத்தான், பெரிய பயத்துக்கு இருபத்தொன்று. ஓரிருபத்தொண்ணு இருபத்தொண்ணு. ஈரிருபத்தொண்ணு நாப்பத்திரண்டு. அன்றைக்குச் சும்மா சொன்ன வாய்ப்பாடு இன்றைக்கு இப்படி உதவும் என்று சிஸ்டருக்கே தெரிந்திருக்காது, ஏனென்றால் மிருதுளாவின் பால்மாவு டின் ஒன்று இரண்டாயிரத்து நூறு ரூபாய், இரண்டு சைபரைப் பின்னால் ஒட்டிக்கொண்டால் முழு வாய்ப்பாடும் டின்தான். மாசத்துக்கு ஏழு டின். ஏழு இருபத்தொண்ணு நூத்து நாப்பத்தேழு, பதினாலாயிரத்து எழுநூறு. ராஜவேல் விற்ற பைக் முப்பது டின். அதில் ஏறி அவன் துறைமுகம் வரைக்கும் போய் வந்தது, அவள் ஏழுமாச வயிற்றோடு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து ரோச் பூங்காவுக்குப் போய்க் கடலைப் பார்த்தது, எல்லாம் சேர்த்து முப்பது டின். பிள்ளை அதைக் குடித்து முடித்துவிட்டது. “பைக்கக் குடிச்ச பிள்ள, சீக்கிரம் ஓடும் பாரு,” என்பான் அவன். ஒரு டின்னில் எண்பத்துநாலு ஸ்பூன், ஆகவே ஒரு ஸ்பூன் இருபத்தைந்து ரூபாய், ஆகவே இந்த ஊரில் எதற்கும் இப்போது ரூபாயில் விலை கிடையாது. ஆட்டோ நாலு ஸ்பூன். மல்லிகைப்பூ ஒரு முழம் ரெண்டு ஸ்பூன், வேண்டாம். மதினி கட்டியிருக்கும் பட்டு நாலு டின்னுக்குக் குறையாது, முந்தானை மட்டுமே ஒரு டின். சே, என்ன புத்தி இது. ஆனால் சிரிப்பாகவும் இருந்தது, முந்தானையைக் கரைத்துக் குடிக்கிற ஒரு பிள்ளையை நினைத்தால். ஒருதடவை ஸ்பூன் தட்டிக் கொஞ்சம் மாவு மேடையில் சிந்தியபோது தபால் அட்டையால் வழித்துக் கூட்டி, பிள்ளைக்குக் கொடுக்கவா கூடாதா என்று யோசித்து, கடைசியில் தானே நாக்கில் போட்டுக்கொண்டாள். அவித்த உருளைக்கிழங்கை இரும்புப் பெட்டிக்குள் ஒரு வாரம் பூட்டி வைத்த மாதிரி ஒரு ருசி. இதையா என் செல்லம் இவ்வளவு சப்புக்கொட்டிக் குடிக்கிறாய் என்று அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளை காலி பாட்டிலைத் தரையில் எறிந்துவிட்டு இன்னும் கொண்டா என்று சிரித்தது.

அவளுடைய பால் மூன்றாம் மாசமே நின்றுவிட்டது. கடையில் விற்கிற சாதாரண மாவு இரண்டு நாள், அதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, அதற்கப்புறம் டயப்பரில் அந்தச் சிவப்பு. அதை நினைக்கக் கூடாது. டாக்டர் சொன்னது, டின் எழுதிக் கொடுத்தது, மருந்துக்கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்னால் “உக்காருங்கம்மா” என்று நாற்காலி போட்டது, எல்லாம் அப்புறம் பழகிவிட்டது. பழகாதது அந்தப் பாயசம். மூன்று மாசத்துக்கு முன்னால், மதினி வீட்டுப் பால்கனியில், விருந்து முடிந்து எல்லாரும் கிறங்கிக் கிடந்த மத்தியானம். இந்துஜா முகம் கழுவப் போன இரண்டு நிமிஷம். திரும்பி வந்தால் பிள்ளை அத்தை மடியில், அத்தையின் விரல் பிள்ளையின் வாயில். “ஒரு விரல் நுனி பாயசம்தான்ட்டி. ஒரு சொட்டுப் பால்ல என்ன ஆயிரும்? நாங்க பிள்ள வளக்கலியா?” ஆகிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் பிள்ளையின் கண் இரண்டும் வீங்கி மூடி, வாந்தி எடுத்து எடுத்துச் சோர்ந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி, புறங்கையில் ஊசி ஏற இடம் கிடைக்காமல் காலில் குத்தினார்கள். டாக்டர் திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். பொறுமையாகச் சொன்னார்: “கடைசியா வந்த நாள்லருந்து ஆறு மாசம் சுத்தமா இருந்தா, இங்க கூட்டி வந்து எங்க கண் முன்னால கொஞ்சம் கொஞ்சமாப் பால் குடுத்துப் பாக்கலாம். நெறைய பிள்ளைகளுக்குச் சரியாயிரும். நடுவுல மறுபடி வந்துச்சுன்னா, மறுபடியும் முதல்லருந்து ஆறு மாசம்.” ஆறு மாசம். ஆறேழு நாப்பத்திரண்டு. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பெருக்கிப் பார்த்தாள்: நாப்பத்திரண்டு டின், எண்பத்தெட்டாயிரத்து இருநூறு ரூபாய், ஒரு விரல் நுனிக்கு. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வந்ததும்தான், ஆனால் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கான்வென்டில் எக்ஸ்கியூஸ் மீ சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், தேங்க்யூ சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், பெரியவர்களிடம் கூடாது என்று சொல்ல எந்த வகுப்பிலும் கற்றுக்கொடுக்கவில்லை. அத்தையும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அத்தை வரும்போதெல்லாம் பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துக் கை தட்டுவாள், வாங்கமாட்டாள். தூக்கச் சொல்லி இவளும் நீட்டமாட்டாள். மூன்று மாசம் சுத்தம். இன்னும் மூன்று மாசம். முக்கால்வாசிக் கிணறு கூட இல்லை, பாதிதான் தாண்டியிருக்கிறது, இப்போது போய் இந்தப் பானை.

முந்தாநாள் போன் வந்த அன்று ராத்திரி, பிள்ளை தூங்கினபின், அவள் நோட்டை எடுத்தாள். மிருதுளாவின் சாப்பாட்டு நோட்டு. சிவப்பு மார்ஜின் போட்டு, சாய்வான கான்வென்ட் எழுத்தில், இங்கிலீஷில், இன்றைக்கு எத்தனை மில்லி, எத்தனை தடவை போனாள், புதுசாக என்ன கொடுத்தது. புதுசு எதையும் மூன்று நாள் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பூசணிக்காய், மூன்று நாள், ஒன்றும் ஆகவில்லை. ராகி, ஒன்றும் ஆகவில்லை. தேங்காய்ப்பால், சாதக்கஞ்சியில் கலந்து, மூன்று நாள், ஒன்றும் ஆகவில்லை, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தாள். அன்று ராத்திரி அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அத்தையிடம் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தாள். வேண்டாம் அத்தை, டாக்டர் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. சரியில்லை, டாக்டர் யார் நம்ம வீட்டு வழக்கத்தைச் சொல்ல என்று மதினி கேட்பாள். அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்றே சொல்கிற மாதிரி இருந்தது. அத்தை, பிள்ளை உதட்டுக்குப் பதிலா நெத்தியில வைங்க. இது பரவாயில்லை, ஆனால் நெற்றியில் வைத்தால் பிள்ளை துடைத்து விரலைச் சப்பும். கடைசியாக, இங்கிலீஷில், ப்ளீஸ் டோன்ட் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். ராஜவேல் வெறுமனே படுத்துக்கொண்டு, “நான் சொல்லுதேன் அம்மாட்ட, நீ தூங்கு,” என்றான். சொன்னானா? சொன்னானா என்று நேற்று முழுக்க அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தாள். “ஆங், பேசிட்டேன்,” என்றான், பீரோவின் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. பேசிட்டேன் என்றால் என்ன அர்த்தம், பேசினான், சரி, அத்தை என்ன சொன்னாள், அது இல்லையே. பீரோவைத் தூக்குகிறவனிடம் எத்தனை தடவை கேட்பது.

இதில் வேறு அத்தை பாக்கெட் பால் வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “நான் கொண்டு வாரேன். யாரும் ஒண்ணும் வாங்கப்பிடாது.” காலையில் ஐந்தரைக்கு ஆட்டோவில், முந்தானையால் மூடிய தூக்குவாளியோடு வந்து இறங்கி, மதினி வாங்கக் கை நீட்டியும் கொடுக்காமல் தானே மாடியேறி, தானே பானையில் ஊற்றி, ஊற்றும்போது முதுகால் மறைத்துக்கொண்டு. கறந்த பாலாக இருக்கும். பாக்கெட் பாலாவது தண்ணீர், இது கட்டிப் பால், ஒரு சொட்டில் மூன்று சொட்டு இருக்கும். போதாக்குறைக்குப் பானையின் கழுத்து வரைக்கும் ஊற்றியிருக்கிறாள், மேலே ஒரு பிடி பச்சரிசியைக் கழுவிப் போட்டிருக்கிறாள். “பால் காச்சுதுக்கு எதுக்கும்மா அரிசி? இது என்ன தைப்பொங்கலா?” என்று மதினி கேட்டதற்கு, “அரிசி போட்டா வீட்டுல அரிசிக்குப் பஞ்சமிருக்காது, பேசாம இரி,” என்று ஒரே போடு. மிருதுளா இந்துஜாவின் தாலிச்சங்கிலியை வாயில் இழுத்துக்கொண்டு ஈறால் கடித்தாள். ஈறு கடினமாக இருந்தது, கீழே ஒரு வெள்ளைப் புள்ளி, பல். பல்லா? அரிசி அளவு கூட இல்லை, விரலால் தடவினால் மட்டும் தெரிகிறது. எல்லாரும் பானையைப் பார்க்கிறார்கள், பல்லை அவள் மட்டும் பார்த்தாள். சந்தோஷம் ஒன்று பயத்துக்கு நடுவில் வந்து, கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்கிற ஆள் மாதிரி, தொற்றிக்கொண்டது. இருபத்தைந்து ரூபாய் ஸ்பூன்கள் சேர்ந்து சேர்ந்து ஒரு பல் ஆகியிருக்கின்றன. புது பெயிண்ட் வாசனை, ஊதுபத்தி வாசனை, அதற்குள் எங்கிருந்தோ மெல்லச் சொதி வாசனை. பக்கத்து வீட்டில் யாரோ ஞாயிற்றுக்கிழமைக்குக் காலையிலேயே சொதி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள் போல. நல்ல அக்கம்பக்கம்தான். சொதி தேங்காய்ப்பால் குழம்புதானே, தேங்காய்ப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, ஆனால் அதில் பாசிப்பருப்பு போடுவார்கள், பருப்பு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, அடுத்த வாரம், மூன்று நாள். மூவிருபத்தொண்ணு அறுபத்து மூணு. எக்ஸ்கியூஸ் மீ அத்தை. நெத்தியில வைங்க அத்தை. ப்ளீஸ் டோன்ட்.

“பொங்குது பொங்குது!” என்றார் எஸ்தர் டீச்சர். நுரை முதலில் நடுவில் ஒரு மொக்கு மாதிரி எழும்பி, தயங்கி, அமுங்கி, எல்லாரும் ‘அச்சோ’ என்பதற்குள் அரிசிக் கஞ்சி நுரையோடு மறுபடி எழுந்து விளிம்பில் வழிந்து அடுப்பில் விழுந்து சுர்ரென்றது. மதினி குலவை போட்டாள். நாக்கு சுளுக்கிக்கொண்ட மாதிரிப் பாதியில் நின்றது. “எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் பொங்கிச்சு?” “கிழக்காமதான்.” “கிழக்கு அந்தப் பக்கம்லா?” “அது கடல், கிழக்கு.” “கடல் இந்தப் பக்கம்மா,” என்றார் டீச்சர், ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி, “இது உப்பளம்.” “உப்புப் பக்கம் பொங்கினா ரொம்ப விசேஷம்,” என்று ராஜவேல் ஒரு சாஸ்திரத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கினான். அத்தை அடுப்பை அணைத்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அத்தையின் விரல் கரண்டியில் இருந்ததைத் தொட்டு, ஊதி, அத்தை திரும்பினாள். இத்தனை நேரம் முதுகாக இருந்தவளுக்கு இப்போது முகம் வந்தது. அந்த முகத்தைப் பார்க்க இந்துஜாவுக்கு நேரமில்லை. விரல் வந்துகொண்டிருந்தது. விரலின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு, உருண்டு, விழலாமா என்று யோசித்துக்கொண்டு. வாயைத் திறந்தாள், எழுதி வைத்த வாக்கியங்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்து, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒன்று கூட வெளியே வரவில்லை. பிள்ளை விரலைப் பார்த்து வாயைத் திறந்தது. நாப்பத்திரண்டு. எண்பத்தெட்டாயிரத்து. இந்துஜா குனிந்து, பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது, அத்தையின் விரலைத் தன் வாயில் கவ்விக்கொண்டாள்.

ஒரு நொடி அடுக்களையில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. மாமியார் விரல் மருமகள் வாயில், போனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. இந்துஜாவுக்கும் புரியவில்லை, கவ்விய பிறகு எப்படி விடுவது என்று தெரியவில்லை, இதற்கு எந்த வாய்ப்பாடும் இல்லை. நாக்கில் ஏதோ தித்தித்தது. லேசான தித்திப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பசை, தொண்டையில் இறங்கும்போது… பக்கத்து வீட்டுச் சொதி. பக்கத்து வீட்டில் யாரும் சொதி வைக்கவில்லை. அவள் கண்ணை உயர்த்தினாள். அத்தை மிக அருகில் இருந்தாள், கண் சிவந்து, தூக்கமில்லாத முகம், முந்தானையில் வெள்ளைத் துருவல் இரண்டு ஒட்டியிருந்தது. “கடிக்காதட்டி,” என்றாள் அத்தை, மதினிக்குக் கேட்காத குரலில். “ராத்திரி பூராத் துருவின விரலு. அஞ்சு தேங்கா.” இந்துஜா வாயைத் திறந்தாள், விரல் வெளியே வந்தது. “மூணு நாள் குடுத்துப் பாத்து ஒண்ணும் செய்யலன்னு உன் நோட்டுல எழுதிருக்கல்லா. வாரா வாரம் அவன் எனக்கு போன்ல வாசிப்பான். பூசணிக்கா, ராகி எல்லாம் எனக்கு மனப்பாடம்.” ராஜவேல் போனை இறக்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்தான். பேசிட்டேன் என்றால் இதுதான். “சொல்லிருக்கலாமே அத்தை,” என்று அவள் குரல் வந்தது, கிசுகிசுப்பாக. “எங்கட்டி சொல்ல? தேங்காப்பால் திரிஞ்சிருமே, பொங்குமா பொங்காதான்னு எனக்கே தெரியல. அதான் கழுத்து வரைக்கும் ஊத்தி அரிசியப் போட்டேன். அரிசிக் கஞ்சி எதையும் பொங்க வச்சிரும்.” அப்புறம் அத்தை இன்னொன்றும் சொன்னாள், இன்னும் மெதுவாக, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே: “மறுபடி என் விரல் எம்பிள்ளைக்கு ஆகாமப் போயிரப்பிடாதுல்லா.” மூன்று மாசமாகப் பயந்துகொண்டிருந்தது தான் ஒருத்தி மட்டும் என்று இந்துஜா நினைத்திருந்தாள். எந்த விரலை மூன்று மாசம் கண்ணால் காவல் காத்தாளோ அது இப்போது அவளுடைய பல் தடத்தோடு சிவந்து நிற்கிறது. இடுப்பிலிருந்த மிருதுளாவைத் தூக்கி, இரண்டு கையாலும், அத்தையிடம் நீட்டினாள். அத்தை ஒரு கணம் எடுத்துக்கொள்ளவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாங்கிக்கொண்டாள், மூன்று மாசப் பாரத்தையும் சேர்த்து. பிள்ளை கனத்திருக்கிறது என்று அத்தையின் முழங்கை சொல்லிற்று. அத்தை மறுபடியும் கரண்டியில் விரலைத் தோய்த்து, மறுபடியும் ஊதி, பிள்ளையின் கீழுதட்டில் வைத்தாள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கிற்று, யோசித்தது, அரிசி அளவுப் பல்லால் விரலைப் பிடித்துக்கொண்டது. “ஏய், பல்லு!” என்று அத்தை கத்தினாள். “தாயும் மகளுமா என் விரலைத் தின்னே தீப்பிய போல!”

“என்ன அங்கன ரகசியம்? எங்களுக்கும் பால் உண்டா, இல்ல வீடியோ மட்டும்தானா?” என்று மதினி டம்ளரை நீட்டினாள். அத்தை பிள்ளையைப் பிடித்தபடி இந்துஜாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இப்போது மகளைக் கண்டு பயப்படுகிற ஒரு அம்மா இருந்தாள். இந்துஜாதான் கரண்டியை எடுத்தாள். டீச்சருக்கு ஒரு டம்ளர், மதினிக்கு ஒரு டம்ளர், சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக. மதினி ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சுழற்றினாள். பானையை எட்டிப் பார்த்தாள், அடியில் கிடந்த அரிசியைப் பார்த்தாள், அம்மாவின் முந்தானைத் துருவலைப் பார்த்தாள். “ஏம்மா… இது என்ன, சொதி மாதிரி இருக்கு? பால் எங்க? பாலில்லாமலா பால் காச்சினீங்க?” ஊர் முழுக்கப் போகப்போகிற ஒரு குரல். ராஜவேல் போனை இறக்கினான். இந்துஜா வாயைத் திறந்தாள், எழுதிவைத்த எந்த வாக்கியமும் இந்தத் தடவை வாசலுக்கு வரவில்லை, வாசல் காலியாக இருந்தது, அதனால் புதுசாக ஒன்று தடையில்லாமல் வெளியே நடந்து வந்தது. “எங்க வீட்ல பாலுன்னா இதான் மதினி,” என்றாள். “இன்னொரு டம்ளர் ஊத்தவா?” மதினி அம்மாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அதற்குள் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் இறக்கிக்கொண்டு, “அம்மா, எனக்கு ஊத்து,” என்றார். “போன வாடகைக்காரங்க இப்படியெல்லாம் தரல.” மதினியின் உதடு ஒரு பக்கமாகக் கோணி, பிடித்துப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டது. “சரி, ஊத்துட்டி. அந்த அரிசியும் ரெண்டு போடு.” இந்துஜா ஊற்றினாள். அஞ்சு தேங்காய், கடையில் முப்பது, நூற்று ஐம்பது ரூபாய், ஆறு ஸ்பூன் என்று பழக்கத்தில் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. பின்னால் பிள்ளை அத்தையின் விரலுக்காக இன்னும் கொண்டா என்று கத்தியதில் ஓரிருபத்தொண்ணுக்கு அப்புறம் என்ன என்பது அவளுக்கு மறந்துபோயிற்று.